மாட்டுங்காவில் ஓர் ஊமை நடுவர்

பம்பாயில் தாதர் ஸ்டேஷனில் என் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட போர்ட்டர், நடந்துகொண்டே, "எந்த ஊருக்காரவ அண்ணாச்சி?" என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். அவருக்குக் கயத்தாறு. அவ்வளவுதான், ரயிலில் வாயை மூடிக்கொண்டு வந்ததற்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தேன். "பாஷை தெரியாமல் அங்கே திண்டாடப் போகிறீர்" என்று எங்கள் தலைமையாசிரியர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அன்று மதியம்வரை தாங்கியது.

நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கூடைப்பந்து நடுவராக மாவட்டம், மாநிலம் என்று விசில் ஊதியே மேலே வந்தவன். எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம், கம்பெனி அணிகள் ஆடும் அகில இந்திய லீக்குக்கு நடுவராக வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அந்த லீக்கில் ஆடியவர்கள் பெயருக்குத்தான் குமாஸ்தாக்கள். துறைமுகக் கம்பெனி, சணல் ஆலை, இரும்பு ஆலை என்று ஒவ்வொன்றும் ஆளின் உயரத்தைப் பார்த்து வேலை கொடுத்து வைத்திருந்தது. சம்பளப் பட்டியலில் கிளார்க், செய்கிற வேலை பந்து போடுவது. காலையில் பயிற்சி, சாயங்காலம் ஆட்டம், பொங்கலைத் தாண்டியும் நீளும் சீசன்.

எனக்கு அது பரீட்சையும்கூட. சீசன் முழுக்கப் புகார் இல்லாமல் ஊதி முடித்தால் தேசிய நடுவர் பேட்ஜ் கிடைக்கும். வயது வரம்புப்படி அதுதான் என் கடைசி வாய்ப்பு. தவறினால், ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடப் போட்டிகளில் இரண்டு தலைமையாசிரியர்களின் சண்டைக்கு நடுவே ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தத் துணித்துண்டுக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சட்டையில் அது எங்கே உட்காரும் என்று கண்ணாடி முன் நின்று நெஞ்சில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன்.

பேட்ஜைக் கொடுப்பதும் மறுப்பதும் தேஷ்பாண்டே என்ற பெரியவர் கையில் இருந்தது. நடுவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பம்பாய்க்காரர், செம்பூர்வாசி, வழுக்கைத் தலை, வாயில் எப்போதும் பாக்கு. சொந்த மாநிலத்து அணிக்கு யாரும் ஊதக்கூடாது என்பது விதி. அதனால் எனக்குப் பம்பாய்த் துறைமுகக் கம்பெனி அணியின் ஆட்டங்களை ஒதுக்கியிருந்தார். அன்று மதியம் மாட்டுங்கா மைதானத்தில் அந்த அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனேன். வாட்டசாட்டமான மராட்டிப் பையன்களை எதிர்பார்த்து உள்ளே நுழைந்தால், "ஏலே பீரு, பந்த இங்கிட்டுத் தள்ளுல!" என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடிய ஐந்து பேரில் மூன்று பேர் தாராவித் தமிழர்கள்.

ஓடிப்போய் தேஷ்பாண்டேயிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அவர்கள் பம்பாய்ப் பையன்கள், அது பம்பாய் அணி. பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் அவர்கள் பாஷையில் பேசுவதை வெளியூர் அணிகள் கேட்டால் அன்றைக்கே புகார் எழுதிவிடுவார்கள். சீசன் முடியும்வரை உங்கள் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது. மைதானத்தில், ஹோட்டலில், ரயிலில், யாரிடமும். வந்தால் பேட்ஜை மறந்துவிடுங்கள் மாஸ்டர்" என்றார், இந்தியும் ஆங்கிலமும் கலந்து.

மாட்டுங்காவில் தமிழ் பேசக்கூடாது என்பது, குற்றாலத்துக்குப் போய் நனையக்கூடாது என்பதுபோல. பூக்காரி தமிழ், காய்கறிக்காரர் தமிழ், அப்பளக் கடை, காப்பிப்பொடிக் கடை, கோவில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் எல்லாம் தமிழ். நான் மட்டும் உதட்டைத் தைத்துக்கொண்டு நடந்தேன்.

செம்பூரில் ஒரு விடுதியில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அறையில் உடன் இருந்தவர் குர்மீத் சிங், லூதியானாக்காரர், அவரும் நடுவர். ஆறரை அடி உயரம், சிரித்தால் கட்டில் ஆடும். என் நிலைமையைச் சொன்னதும் அன்று முழுக்கக் கட்டில் ஆடியது. பிறகு இரக்கப்பட்டு எனக்கு இந்தி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய இந்தியிலேயே முக்கால்வாசி பஞ்சாபி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மாட்டுங்கா மெஸ் ஒன்றுக்குப் போனோம். இலையைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிடும்போல் இருந்தது. சூடான இட்லி, தேங்காய்ச் சட்னி, சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார். எங்கள் ஊரில் பரிமாறுபவரிடம், "இன்னும் ரெண்டு வையும்வே" என்று உரிமையாகச் சொல்வேன். இங்கே விரலைக் காட்டி, "தோ அவுர்" என்று முனகினேன். ரசத்துக்கு இந்தி தெரியாமல் பக்கத்து இலைக்காரரின் டம்ளரைச் சுட்டிக்காட்டினேன். வந்த ரசத்தை ஒரே மூச்சில் குடித்தேன். கல்லாவில் இருந்த பெரியவரிடம் பரிமாறுபவர் திரும்பி, "பாவம் மாமா, வடக்கத்தியான் போலருக்கு. ஆனா ரசத்த எப்படி ரசிச்சுக் குடிக்கறான் பாருங்கோ" என்றார். "அவனுக்கு இன்னொரு டம்ளர் கொடு. அவா ஊர்ல இதெல்லாம் எங்க கிடைக்கப்போறது!" என்றார் கல்லாப் பெரியவர். அந்த இரண்டாவது டம்ளரை ஒரு வடக்கத்தியானாகவே இருந்து குடித்தேன்.

ரயில் இன்னொரு பாடம். செம்பூரிலிருந்து குர்லா போய், வண்டி மாறி மாட்டுங்கா வரவேண்டும். எங்கள் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் இடம் நம்முடையது. இங்கே துண்டு போட்டால் துண்டு மட்டும்தான் பயணம் போகும். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் வந்து நின்று, கையை லேசாக அசைப்பார். மூவரும் பேசாமல் நகர்வார்கள். நாலாவது ஆள் பாதி உடம்பைப் பலகையிலும் பாதியைக் காற்றிலும் வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் செய்தித்தாள் விரிப்பார். இந்தப் பெருந்தன்மையை எங்கள் ஊர் பஸ்ஸில் நான் பார்த்ததே இல்லை.

முதல் ஆட்டத்தன்று அவசரத்தில் விரைவு வண்டியில் ஏறிவிட்டேன். மாட்டுங்கா கண்ணெதிரே வந்தது, கையை வீசிவிட்டுப் போய்விட்டது. தாதரில் கூட்டமே என்னை இறக்கி வைத்தது. அங்கிருந்து விசில் கழுத்தில் ஆட, மாட்டுங்காவுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். தேஷ்பாண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாக்கை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

அது சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் பலகை கேலரி, நாலு மூலையிலும் விளக்குக் கம்பம். கேலரியின் கீழ்ப்படியில், ஸ்கோர் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, மடியில் பெரிய தூக்குச் சட்டி, சுற்றிலும் தாராவியிலிருந்தும் லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்தும் வந்த கூட்டம். துறைமுக அணியின் ஏழாம் எண் பீர் முகம்மதுவின் அக்கா அவர், ஜைத்தூன். தாராவியில் புருஷனோடு சேர்ந்து தோல் பெல்ட் தைக்கும் பட்டறை நடத்துகிறவர். பீரு அவரை 'லாத்தா' என்று கூப்பிடுவான். அவர்களின் பூர்வீகமான மேலப்பாளையத்தில் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பீருவுக்கு ஒரு ஃபவுல் ஊதினேன். ஜைத்தூன் எழுந்து நின்றார்.

"ஏ தேங்கா நாரு மீச! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எம்புள்ள தொட்டானா? காத்தயில்ல தொட்டான்!"

கேலரி குலுங்கிச் சிரித்தது. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இன்னொரு ஃபவுல். "வாய்ல பீப்பீய வச்சிட்டா பெரிய மாப்பிள்ளன்னு நெனப்பு!" அதோடு என் பெயர் பீப்பீ ஆகிவிட்டது. சீசன் முடியும்வரை அந்த மைதானத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை.

ஆனால் ஜைத்தூனிடம் ஒரு விசித்திரத்தையும் அன்றே கவனித்தேன். அந்தக் காலத்தில் ஃபவுல் செய்த ஆட்டக்காரர் ஸ்கோர் மேசையைப் பார்த்துக் கையை உயர்த்தி, தான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பல பேர் கடனே என்று செய்வார்கள். பீரு ஒரு விரலை மட்டும் தூக்கினான். என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஜைத்தூன் அப்படியே தம்பி பக்கம் திரும்பினார்.

"என்னல அது, பஸ்ஸயா நிப்பாட்டுத? அடிச்சா அடிச்சேன்னு ஒத்துக்கிடணும். முழுக் கையையும் தூக்குல!"

பீரு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் முழுக் கையையும் தூக்கினான். ஊதினது தப்பு என்று என்னைத் திட்டுவார், கை சரியாகத் தூக்கவில்லை என்று அவனைத் திட்டுவார். இரண்டுக்கும் அவர் தொண்டையில் இடம் இருந்தது.

இடைவேளையில் தூக்குச் சட்டி திறந்தது. வட்டலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்தது, ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைத்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்து மீதி இருந்ததைக் காட்டி ஜைத்தூன் தம்பியிடம் சொன்னார். "அந்தச் சிங்கு பாவம், பெரிய ஒடம்பு, பசிக்கும். அவருக்கு ஒரு கிண்ணம் குடு. மீசக்காரனுக்குக் காட்டாத. மூணு ஃபவுல் ஊதியிருக்கான்."

நடுவர்கள் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று நான் கண்ணால் சைகை காட்டினேன். குர்மீத் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "மாஸ்டர், இது என்ன அல்வா? சொர்க்கம்!" என்று என்னைப் பார்த்து விரலை நக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு வசவு. இப்படியே டிசம்பர் போயிற்று.

ஆட்டமில்லாத நாள்களில் ஊர் சுற்றினோம். செம்பூர்க் கோவில் வாசலில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டே இந்தியில் மருமகளைத் திட்டிக்கொண்டும் தமிழில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். சிவப்பு மாடி பஸ்ஸின் முன் இருக்கையைப் பிடிக்க நானும் குர்மீத்தும் ஓடுவோம். கண்டக்டர், "பெரியவர்களே, மெதுவாக" என்று மராத்தியில் கண்டிப்பார். சாயங்காலங்களில் வடா பாவ். வடையைப் பன்னுக்குள் வைத்து அமுக்கித் தின்பதைப் பார்த்து முதலில் வடைக்காக வருத்தப்பட்டேன். மூன்றாவது தடவை என் வருத்தம் போய்விட்டது.

ஒருநாள் மாட்டிக்கொள்ள இருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாயை குர்மீத்திடம் கொடுத்து வைத்திருந்தேன். வட்டலப்பத்துக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பீருவைக் கூப்பிட்டு ஒரு பாக்கெட்டை நீட்டினார். பீரு ஒரு வில்லையைக் கடித்தான், நின்றான், இன்னொரு கடி கடித்தான்.

"லாத்தா! கோயில்பட்டி கடல மிட்டாய்லா இது! இந்தச் சிங்குக்கு எப்படிக் கெடச்சுது?"

ஜைத்தூன் வாங்கி முகர்ந்து பார்த்தார். அவர் கண் குர்மீத்தின் தலைப்பாகையிலிருந்து என் மீசைக்கு வந்தது. நான் விசிலைத் துடைக்க ஆரம்பித்தேன். குர்மீத் சளைக்கவில்லை. "லூதியானாவில் எங்கள் அம்மா செய்தது" என்று இந்தியில் அடித்துவிட்டார். "ஏ ஆத்தா, இவங்க அம்மா கைப்பக்குவம் நம்ம ஊரு மாதிரியேல்லா இருக்கு!" என்று ஜைத்தூன் ஆச்சரியப்பட்டார். அன்று இரவு அறையில் கட்டில் ரொம்ப நேரம் ஆடியது.

பொங்கலன்று ஆட்டம் இல்லை. தாராவி மெயின் ரோட்டில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. சந்துகளில் புகை, மண்பானை, மஞ்சள் கொத்து. எங்கே திரும்பினாலும் என் ஊர்ப் பேச்சு. "பால் பொங்கிட்டா?" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். அது என்னைக் கேட்ட கேள்விதான் என்று தோன்றியது. பதில் சொல்ல முடியாமல் ஒரு கரும்பை வாங்கிக் கடித்துக்கொண்டே செம்பூருக்குத் திரும்பினேன். வீட்டு நினைவில் அழுகை முட்டியது. ஒரு துணித்துண்டுக்காக இப்படியா என்று அன்று மட்டும் நினைத்தேன். மறுநாள் சட்டையை இஸ்திரி போடும்போது நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன், ஆசை அப்படியே இருந்தது.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. துறைமுக அணியும் கல்கத்தா சணல் ஆலை அணியும் சமப் புள்ளிகளில் இருந்தன, ஜெயிப்பவருக்குக் கோப்பை. நடுவர்கள் நானும் குர்மீத்தும். தேஷ்பாண்டே ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து, "இதுவரை புகார் இல்லை மாஸ்டர். இன்று ஒரு ஆட்டம்" என்றார். கேலரி நிரம்பி, மதில்மேலும் ஆள்கள். மாட்டுங்கா மெஸ்ஸின் கல்லாப் பெரியவர்கூட மப்ளர் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஜைத்தூன் தன் இடத்தில் இருந்தார். மடியில் இருந்த சட்டி வழக்கத்தைவிடப் பெரியது.

ஆட்டம் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாகப் போயிற்று. கடைசி நொடிகளில் துறைமுக அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து கல்கத்தாவின் உயரமான ஆட்டக்காரரிடம் வந்தது. அவர் கூடைக்கடியில் எம்பினார். இரண்டு துறைமுகக்காரர்கள் கூடவே எம்பினார்கள், ஏழாம் எண் பீருவும் ஒன்பதாம் எண் தாராவித் தமிழன் அந்தோணியும். ஒரு கை அவர் முழங்கையில் பளாரென்று விழுந்தது. ஊதிவிட்டேன்.

ஊதியபிறகுதான் உறைத்தது. கையைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. ஃபவுல் ஊதியவர் மேசைக்குப் போய் விரல்களால் எண்ணைக் காட்ட வேண்டும். யாரென்று சொல்ல முடியாவிட்டால் விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு பந்தை நடுவில் எறிந்து தொடங்க வேண்டியதுதான். கல்கத்தாவின் வாய்ப்பு போய்விடும், அவர்கள் புகார் எழுதுவார்கள், பேட்ஜும் போய்விடும். குர்மீத்தைப் பார்த்தேன். அவர் மறுபுறம் இருந்தார், தெரியவில்லை என்று தலையசைத்தார்.

வலது கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்தேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் அதுவரை ஒன்றுதான். இடது கையில் இரண்டு விரலா, நாலு விரலா? கை பாதியில் நின்றது. மைதானமே அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் அந்தோணியின் தணிந்த குரல் கேட்டது. "பீரு, கைய தூக்காதல. மீச பாக்கல, சும்மா நில்லு."

அடித்தது பீரு என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணால் தெரிந்ததல்ல, காதால் தெரிந்தது, அதுவும் எனக்குத் தெரியாத பாஷையில். இரண்டு விரலைக் காட்டலாம். எப்படித் தெரியும் என்று பீரு சண்டைக்கு வந்தால் நான் என்ன சொல்வேன்? காட்டாமல் விட்டால் என் ஊர்க்காரர்கள் கோப்பையோடு போவார்கள். இடது கை அசையவில்லை.

ஸ்கோர் மேசைக்குப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் விளக்குக் கம்பமே அதிர்ந்திருக்கும்.

"பீரு! நான் பாத்தேம்ல! அடிச்சேல்லா? கையத் தூக்கு!"

பக்கத்தில் இருந்தவர் யாரோ ஜைத்தூனின் கையைப் பிடித்து இழுத்தார். "அரே, விடும்யா! கப்பு போனா போவுது. கையத் தூக்குல!"

பீரு லாத்தாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மெதுவாக, முழுக் கையையும் தூக்கினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஜைத்தூன் என் பக்கம் திரும்பினார். "ஏ பீப்பீ! என்ன மரம் மாதிரி நிக்க? ஏழு! எழுதச் சொல்லு!"

"சரி லாத்தா" என்றேன்.

சொன்னது என் வாய்தான். சீசன் முழுக்கக் கட்டிப்போட்டிருந்த வாய், அந்த அதட்டலில் தன்னால் அவிழ்ந்துவிட்டது. ஜைத்தூன் திறந்த வாய் மூடாமல் நின்றார். அந்தோணி தலையில் கைவைத்துக்கொண்டான். கேலரியில் ஒரு கிழவர், "அட, நம்மாளுடோய்!" என்று கத்தினார். நான் இடது கையில் இரண்டு விரலைக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

கல்கத்தாக்காரர் இரண்டு எறிகளையும் போட்டார். ஒரு புள்ளியில் ஆட்டம் முடிந்தது. கோப்பை கல்கத்தாவுக்கு. அவர்கள் புகார் எழுதவில்லை, என்னத்தை எழுதுவார்கள்? துறைமுக அணியின் மேலாளர் மட்டும் மேசைக்கு வந்து ஏதோ முணுமுணுத்தார். தேஷ்பாண்டே ஜைத்தூனைக் கைகாட்டினார். மேலாளர் ஜைத்தூனின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

எல்லாரும் கலைந்தபின் தேஷ்பாண்டே என்னைக் கூப்பிட்டார். பேட்ஜ் போயிற்று என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். "இரண்டு வார்த்தை பேசிவிட்டேன். என்னையறியாமல் வந்துவிட்டது" என்றேன். அவர் பாக்கைத் துப்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே நீலத் துணியில் மஞ்சள் நூலால் பின்னிய பேட்ஜ்.

அவர் சிரித்தார். "செம்பூரில் என் வீட்டுக்கு மேலே தமிழ்க் குடும்பம், கீழே தமிழ்க் குடும்பம். அந்த அம்மா உங்களைச் சொன்னதெல்லாம் எனக்கும் புரிந்தது மாஸ்டர். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். இத்தனையையும் கேட்டுவிட்டு முகம் மாறாமல் நின்றீர்களே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்." பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் கற்ற தமிழில், மரியாதை எது என்று தெரியாமல், "பீப்பீ, நல்லா ஊதினே போ!" என்று தோளில் தட்டினார். அந்த ஒருமையைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

மைதான வாசலில் ஜைத்தூன் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் பீருவும் அந்தோணியும். "வாத்தியாரே, நீங்க எந்த ஊரு?" என்றார். கோவில்பட்டி என்றேன். "அந்தக் கடல மிட்டாய்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "சிங்குக்கு அம்மாவாம், லூதியானாவாம்! நடங்க வீட்டுக்கு. சிங்கையும் கூட்டிட்டு வாங்க."

தாராவிச் சந்துகளில் குர்மீத் குனிந்தே நடந்தார். கீழே பட்டறை, மேலே ஏணி ஏறினால் ஒரே அறை வீடு. கொத்துக் கொத்தாகப் பெல்ட்டுகள் தொங்கின, தோல் வாசனையும் நெய்ச்சோற்று வாசனையும் கலந்து வந்தன. ஜைத்தூனின் புருஷன் பாயை விரித்தார். உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

"அப்ப நான் பேசினது எல்லாம் வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு லாத்தா."

"தேங்கா நாரு மீசன்னது?"

"மொத நாளே."

"காஞ்ச கத்தரிக்கா மூஞ்சின்னேனே, அது?"

"அது கிறிஸ்மஸுக்கு முந்தின ஆட்டம்."

"அல்லா!" என்று முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். முக்காடு விலகியபோது சிரிப்பில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சந்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத குர்மீத் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பீரு மட்டும் மூலையில் உம்மென்று இருந்தான். ஜைத்தூன் அவன் தட்டில் நெய்ச்சோற்றை அள்ளி வைத்தார். "எனக்கு மட்டும் வயிறு எரியலையால? எரியத்தான் செய்யுது. ஆனா கையத் தூக்காம நீ கப்பக் கொண்டுட்டு வந்திருந்தா, இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது." பீரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சாப்பிட ஆரம்பித்தான், மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

பெரிய சட்டி எனக்கு முன்னால் வந்தது. சீசன் முழுக்கக் கண்ணால் மட்டும் சாப்பிட்ட வட்டலப்பத்தை அன்று கையால் எடுத்துச் சாப்பிட்டேன். குர்மீத் கிண்ணத்தை நீட்டினார். "சிங்கு நெறைய தின்னாச்சு, இது வாத்தியாருக்கு" என்று ஜைத்தூன் அவர் கையைத் தட்டிவிட்டார்.

கிளம்பும்போது பேட்ஜைக் காட்டினேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இத ஊசி குத்தியா போட்டுட்டுப் போவீக? சட்டையக் கழட்டுங்க." என் நடுவர் சட்டையை வாங்கி, பெல்ட் தைக்கும் மிஷினில் மாட்டி, தோலுக்குப் போடும் கனத்த மெழுகு நூலால் நாலு பக்கமும் அடித்தார். மிஷின் போட்ட சத்தத்தில் தகரக் கூரை நடுங்கியது. நான் கண்ணாடி முன் கைவைத்துப் பார்த்த அதே இடத்தில்தான் பேட்ஜ் உட்கார்ந்திருந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்தச் சட்டை பிறகு வெளுத்து, கிழிந்து, கரித்துணி ஆகும் நிலைக்கு வந்தது. பேட்ஜ் மட்டும் அசையவில்லை. கடைசியில் பேட்ஜைச் சுற்றிச் சட்டையைத்தான் வெட்டி எடுத்தேன்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று சந்து முனைவரை கூடவே வந்த ஜைத்தூன், நான் குர்மீத்தோடு ரிக்‌ஷாவைத் தேடும்போது, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி அதே பழைய தொண்டையில் கத்தினார்.

"ஏ பீப்பீ வாத்தியாரே! அடுத்த தடவ பம்பாய்க்கு வந்தா வாயத் தெறந்து பேசணும், கேட்டீயளா?"

தேஷ்பாண்டே இல்லை, கல்கத்தா அணி இல்லை, பயப்பட யாரும் இல்லை. நானும் என் டிரில் மாஸ்டர் குரலில், தாராவி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன்.

"சரி லாத்தா!"